ஐந்து மேசை, ஒரு மஞ்சள் அட்டை

புதிதாக ஒன்றைக் கற்றுக்கொண்டவரிடம் கொஞ்ச நாளைக்கு யாரும் சிக்கக் கூடாது. ஸ்கூட்டர் ஓட்டக் கற்றவர் தெருவில் போகிற எல்லோரையும் பின்னால் ஏறச் சொல்வார். யோகா கற்றவர் பஸ் நிலையத்தில் நின்றுகொண்டு உங்கள் முதுகெலும்புக்காக வருத்தப்படுவார். நான் கற்றுக்கொண்டது மனக்காயம். சமூகப் பணியில் முதுகலை, அதற்கு மேல் மூன்று மாதப் பயிற்சி, கழுத்தில் தொங்கும் அடையாள அட்டை. ஓசூர் எல்லைக்குள் இந்த விஷயம் தெரிந்தவள் ஒருத்திதான் என்று அப்போது உறுதியாக நம்பினேன். (அவளைக் கண்ணாடியில் அடிக்கடி சந்திப்பேன்.)

நான் சேர்ந்த திட்டத்தை இன்றும் நூறு சதவீதம் நம்புகிறேன், அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வீட்டில் அடிபட்டோ, விபத்தில் ஆளைப் பறிகொடுத்தோ, பயந்து போய் அரசு அலுவலகத்துக்கு வருபவரை அந்த அலுவலகம் இன்னொரு முறை பயமுறுத்தக் கூடாது. அவ்வளவுதான் திட்டம். ஒரு காகிதம் வாங்க வரும் பெண் காவலரிடம் ஒரு தடவை, மருத்துவமனையில் ஒரு தடவை, வருவாய்த் துறையில் ஒரு தடவை என்று தன் கதையை முதலிலிருந்து சொல்லிக்கொண்டே போக வேண்டியிருக்கிறது. எல்லாம் கேட்டு முடித்த பிறகு பேனாவை மூடிவைத்துவிட்டு, "கொஞ்சம் அனுசரிச்சுப் போயிருக்கலாமேம்மா" என்று ஒருவர் சொல்வார். அதை நிறுத்த வேண்டும். சொல்ல ஒரு வரி, செய்ய ஐந்து துறை.

ஐந்து துறையிலிருந்தும் வந்தவர்களுக்கு நான் இரண்டு நாள் வகுப்பெடுத்தேன். மூன்று விதிகள். உட்கார நாற்காலி கொடுங்கள். குடிக்கத் தண்ணீர் கொடுங்கள். கேள்வி கேட்காதீர்கள். (பாடப் புத்தகத்தில் 'தேவையற்ற கேள்வி' என்றுதான் இருந்தது. ஸ்லைடில் இடம் போதவில்லை, அந்த ஒரு வார்த்தையை எடுத்துவிட்டேன்.)

காவல் துறையிலிருந்து வந்திருந்த முனிராஜ் ஏட்டு கையைத் தூக்கினார்.

"மேடம், பேராச்சும் கேக்கலாங்களா?"

"அவங்களா சொல்லட்டும் சார்."

"சொல்லலீனா?"

"காத்திருங்க."

'காத்திருக்கவும்' என்று நோட்டில் எழுதி அடிக்கோடும் போட்டார் மனிதர். பின் வரிசையில் முபீனா அக்கா இருந்தார். கண்ணாடி போட்டவர், சான்றிதழ் கம்ப்யூட்டரில் உட்காருபவர். தமிழ், கன்னடம், தெலுங்கு, உருது நான்கிலும் கூட்டத்தை வரிசையில் நிற்கவைக்கத் தெரிந்தவர்.

"கேக்காம எப்படி பாப்பா டைப் அடிக்கிறது?"

"எல்லாம் அட்டையோட வந்துரும் அக்கா."

அந்த அட்டை அப்பா தந்த யோசனை. விருதுநகர்ப் பக்கத்திலிருந்து இங்கே வந்து, வண்டி பாகங்கள் செய்யும் ஒரு கம்பெனியில் தரப் பிரிவில் இருக்கிறார். ஒருநாள் சாப்பிடும்போது, மனிதர்கள் மேசை மேசையாக அலைவதைப் பற்றி நான் புலம்பியதும் அவர் சொன்னார்: "எங்ககிட்ட ஒவ்வொரு பீஸோடயும் ஒரு அட்டை போகும் பிள்ள. என்னென்ன செஞ்சாச்சுன்னு அதுல டிக் இருக்கும். எல்லா டிக்கும் விழாம அடுத்த ஸ்டேஷன்காரன் பீஸத் தொடமாட்டான்."

சாப்பாட்டுத் தட்டோடு எழுந்துவிட்டேன். அன்றே மஞ்சள் அட்டையில் கட்டம் போட்டேன். ஐந்து மேசை, ஒவ்வொரு மேசைக்கும் மூன்று கட்டம்: நாற்காலி, தண்ணீர், கேள்வி இல்லை. மூன்றிலும் டிக் விழுந்தால்தான் அடுத்த மேசை. வருபவர் தன் கதையை ஒரே ஒரு தடவை என்னிடம் சொல்வார். நான் அதை எழுதி அட்டையின் பின்னால் குத்திவிடுவேன்.

முதல் நாள், முதல் ஆள். அவருடைய பெயரைச் சொல்ல மாட்டேன், கவிதா என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு தொழிற்சாலையில் அசெம்பிளி லைனில் வேலை. கணவனின் அடி பொறுக்காமல் பன்னிரண்டு வயது மகளைக் கூட்டிக்கொண்டு உத்தனப்பள்ளியில் அக்கா வீட்டில் இருந்தார். அந்த ஆள் அங்கேயும் வந்து வாசலில் கத்த ஆரம்பித்திருந்தான். மகளை உடனே பள்ளி விடுதியில் சேர்க்க வேண்டும், அதற்குச் சான்று வேண்டும், அதைக் கொடுக்க அன்றுதான் கடைசி நாள். இதற்கு முன் இரண்டு தடவை வந்து, இரண்டாவது மேசையிலேயே எழுந்து போனவர். "இன்னொரு வாட்டி எல்லாத்தையும் சொல்லணும்னா நான் வரலீங்க மேடம்" என்றார் போனில். என்னிடம் போனில் சொன்னதே போதும், மேசைகளில் ஒரு வார்த்தைகூடச் சொல்ல வேண்டியதில்லை என்று வாக்குக் கொடுத்தேன்.

ஐந்து மேசைகளையும் ஒரே கூடத்தில் போட்டிருந்தோம். கம்ப்யூட்டர் ஒரு மணிக்கு மூடிவிடும். பதினொன்றரைக்கு அவர் முனிராஜ் ஏட்டின் முன்னால் உட்கார்ந்தார். ஏட்டு ஒன்றும் கேட்கவில்லை. எழுந்து போய்ப் பெரிய எவர்சில்வர் டம்ளரில் விளிம்பு வரை தண்ணீர் கொண்டுவந்து வைத்தார். கவிதா ஒரு வாய் குடித்துவிட்டு வைத்தார்.

"முழுசா குடிச்சிரும்மா. டிக் போடணும்."

குடித்தார். டிக். மருத்துவ மேசையில் இருந்த நர்ஸ் பாட்டிலையே திறந்து நீட்டினார். டிக். கல்வித் துறைக்காரர் அதுவரை பொதுமக்களுக்கு நாற்காலிகூடக் காட்டாதவர், அன்று இளநீர்க் காய் அளவுக்கு ஒரு டம்ளரைக் கொண்டுவந்தார். டிக். வருவாய்த் துறையில் ஏற்கெனவே ஊற்றி மூடிவைத்திருந்தார்கள். டிக். தூண் ஓரமாக நின்று பார்த்த எனக்கு உடம்பு புல்லரித்தது. ஒருவர்கூட ஒரு கேள்வி கேட்கவில்லை. எந்த ஊரில் நடக்கும் இது என்று நினைத்துக்கொண்டேன்.

ஐந்தாவது மேசை முபீனா அக்காவுடையது. அவர் டம்ளரை வைத்தார். கவிதா அந்தத் தண்ணீரைப் பார்த்தார். முகம் மாறியது. சட்டென்று எழுந்து பையை மார்போடு அணைத்துக்கொண்டு விறுவிறுவென்று வெளியே நடந்தார்.

மூன்று மாதப் பயிற்சி எனக்குள் மணியடித்தது. பழைய பயம் திரும்பிவிட்டது, தப்பி ஓடுகிறார். தொடக் கூடாது, வழியை மறிக்கக் கூடாது, குரலை உயர்த்தக் கூடாது. ஆறடி தள்ளி அவர் பின்னாலேயே போனேன். அவர் இடது பக்கம் திரும்பினால் நானும் இடது. கட்டடத்தின் பின்பக்கம் போனால் நானும் பின்பக்கம். அங்கே அவர் நின்றார். நானும் நின்று, உள்ளங்கைகள் தெரியும்படி கையை விரித்து, தாலாட்டுக் குரலில் ஆரம்பித்தேன்.

"நீங்க இங்க பாதுகாப்பா இருக்கீங்க. மூச்ச மெதுவா இழுங்க. உங்க காலடியில தரை இருக்குது, அத உணருங்க."

"மேடம்," என்றார் பல்லைக் கடித்துக்கொண்டு. "மூச்சு நல்லாத்தான் வருது. பாத்ரூம் எங்கங்க?"

பாத்ரூம் அவர் எதிரிலேயே இருந்தது. அதில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு பூட்டும் தொங்கியது.

சாவி வாட்ச்மேனிடம். வாட்ச்மேன் டீ குடிக்கப் போயிருந்தார். முனிராஜ் ஏட்டு அவருக்குப் போன் போட்டுக் கன்னடத்தில் சத்தம் போட்டார். எதிர்முனையில் சாவி தன் பாக்கெட்டில் பத்திரமாக இருப்பதாகவும், தான் பாகலூர் ரோட்டில் இருப்பதாகவும் பதில் வந்தது. அதற்குள் முபீனா அக்கா வந்து கவிதாவின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"வாம்மா. எதிர்லதான் எங்க நாத்தனா வூடு."

போகிற போக்கில் என்னைப் பார்த்து, "அந்தப் பொண்ணு பத்து நிமிசமா காலை ஆட்டிக்கினே இருந்துச்சு பாப்பா. எனக்கு அப்பவே தெரியும்" என்றார்.

"தெரிஞ்சா கேட்டிருக்கலாமே அக்கா?"

"கேட்டா டிக் போட முடியாதே."

இருவரும் சாலையைக் கடந்தார்கள். பன்னிரண்டே முக்கால். நான் வாசல் கேட் பக்கத்தில் நின்றேன். ஐந்து நிமிடம் ஆயிற்று. இரண்டு கம்பெனி பஸ்கள் போயின. ஒவ்வொன்று போகும்போதும் அதில் அவர் ஏறிப் போய்விட்டதாகவே தோன்றியது. மூன்றாவது தடவையாக ஒரு அலுவலகம் அவரைத் துரத்திவிட்டது. இந்தத் தடவை அந்த அலுவலகம் நான். கேள்வி கேட்டே துரத்தியவர்களிடமிருந்து அவரைக் காப்பாற்றி, தண்ணீர் ஊற்றியே விரட்டியிருக்கிறேன். அந்தச் சிறுமி இன்றிரவும் வாசல் கதவைத் தாழ்ப்பாள் போட்டுவிட்டுப் படுப்பாள் என்று நினைத்தபோது, கழுத்தில் இருந்த அடையாள அட்டையைச் சட்டைக்குள் தள்ளிவிட்டேன்.

பன்னிரண்டு ஐம்பத்திரண்டுக்கு இருவரும் எதிர் வீட்டிலிருந்து பேசிக்கொண்டே வந்தார்கள். கவிதா எதற்கோ சிரித்தார். முபீனா அக்கா கம்ப்யூட்டரில் உட்கார்ந்து படபடவென்று அடிக்க ஆரம்பித்தார். மகளின் பெயர், பிறந்த தேதி, அக்கா வீட்டு விலாசம், எல்லாம் கைவசம். சாலையைக் கடக்கும்போதே கேட்டுவிட்டாராம். நான் குத்தியிருந்த ஒன்றரைப் பக்கத்தில் கவிதாவின் மனநிலை விரிவாக இருந்தது, மகளின் பிறந்த தேதி இல்லை.

"எல்லாம் கேட்டீங்களா அக்கா?" என்றேன் மெல்ல.

"பேப்பருக்கு வேணுங்கிறது கேட்டேன். ஏன் வந்தேன்னு கேக்கல. அது கம்ப்யூட்டருக்கு எதுக்கு?"

இரண்டு நாள் வகுப்பில் நான் சொல்ல வந்தது அதுதான். அக்கா அதை ரோடு கடக்கிற நேரத்தில் முடித்துவிட்டார்.

ஒரு மணிக்கு நான்கு நிமிடம் இருக்கும்போது சான்று வெளியே வந்தது. கவிதா அதை மூன்றாக மடித்துப் பையில் வைத்தார். மஞ்சள் அட்டையை மட்டும் என்னிடம் நீட்டினார்.

"இது நீங்களே வெச்சுக்கங்க மேடம். எங்க லைன்ல அடிபட்ட பீஸுக்குத்தான் இதக் கட்டுவோம்."

கோபமாகச் சொல்லவில்லை. டிபன் பாக்ஸைத் திருப்பிக் கொடுப்பதுபோலத்தான் சொன்னார். மகள் மறுநாள் விடுதியில் சேர்ந்துவிட்டாள்.

அப்பாவிடம் இரவு விஷயத்தைச் சொன்னேன். வெகுநேரம் சிரித்துவிட்டு, "நல்ல பீஸுக்கு என்ன கலர்னு கேட்டிருந்தா பச்சைன்னு சொல்லியிருப்பேனே பிள்ள" என்றார். இன்றுவரை எங்கள் வீட்டுக்கு யார் வந்து தண்ணீர் குடித்தாலும், டம்ளர் காலியானதும் அப்பா என் பக்கம் திரும்பிக் காற்றில் ஒரு டிக் போடுவார். விருந்தாளிக்குப் புரியாது. அம்மாவுக்குப் புரையேறும்.

திட்டம் நிற்கவில்லை. மீதி அட்டைகளைக் கிழித்துப் போட்டேன். வகுப்பெடுக்கும் வேலையை முபீனா அக்காவிடம் பாதி கொடுத்தேன். (அவர் முக்கால்வாசி எடுத்துக்கொண்டார்.) இப்போது எங்களிடம் ஸ்லைடு கிடையாது. காகிதத்துக்கு என்ன தேவையோ அதைக் கேட்கிறோம், மற்றதை அவர்களாகச் சொன்னால் கேட்டுக்கொள்கிறோம். பாத்ரூம் சாவி வாசல் பக்கம் ஓர் ஆணியில் தொங்குகிறது. யாரிடமும் கேட்க வேண்டியதில்லை. அலுவலகத்தில் எனக்குச் சாவி மேடம் என்று பெயர். ஒன்றிரண்டு பேர் என் நிஜப் பெயரை மறந்தே போனார்கள்.

போன மாதம் கவிதா திரும்பி வந்தார், தனக்காக அல்ல. அவருடைய லைனில் வேலை பார்க்கும் ஒரு பெண்ணைக் கூட்டி வந்திருந்தார். குருபரப்பள்ளிப் பக்கமாம். உதட்டில் பிளாஸ்திரி, முழங்கை வரை இழுத்துவிட்ட துப்பட்டா, வாசலைத் தாண்டி வர மறுத்து நின்றாள். நான் இருந்த இடத்திலேயே இருந்தேன். கவிதா அவளைத் தள்ளவும் இல்லை, இழுக்கவும் இல்லை. பக்கத்தில் நின்று ஒவ்வொன்றாகக் காட்டிக்கொடுத்தார்.

"பாத்ரூம் பின்னாடி. சாவி இந்த ஆணியில. அந்தக் கண்ணாடி போட்ட அக்காகிட்ட மட்டும் பேசு, போதும். நடுவுல எந்திரிச்சுப் போகணும்னா போலாம், யாரும் தடுக்கமாட்டாங்க."

அந்தப் பெண் என்னைப் பார்த்தாள். "இவங்க யாரு?"

"அவங்க நல்லவங்க," என்றார் கவிதா. "தண்ணி குடுப்பாங்க. ஒரு மடக்கு போதும், மீதிய வெச்சுரு."