சம்பந்திக்கு வைத்த ஒற்றை பிஸ்கட்

அறியாமையால் நான் செய்த பிழைகள் குறைவு. படித்துத் தெரிந்துகொண்டு செய்தவையே அதிகம். அவற்றுள் தலையாயதை என் வீட்டார் இன்னும் மறக்கவில்லை.

நெதர்லாந்தில் வேலை பார்க்கும் என் மகள் கோதை, அந்நாட்டுப் பையன் ஒருவனை மணக்க விரும்பினாள். சம்பந்தம் பேச, அவனும் அவன் பெற்றோரும் அன்னூரில் எங்கள் வீட்டுக்கே வருவதாக முடிவாயிற்று. பதிகம் ஓதாமல் காப்பியைத் தொடாதவன் நான். அந்தப் பதினைந்து நாளும் பதிகத்தைத் தொடர்ந்து நெதர்லாந்தின் பொருளாதாரத்தையும் ஓதினேன். கடலை அணைகட்டித் தள்ளி நிலம் கண்டவர்கள். பூவும் பாலாடைக்கட்டியும் உலகெங்கும் விற்பவர்கள். (இதோடு நிறுத்தியிருக்கலாம்.) பிறகு கைப்பேசியில் ஒரு காணொளி கண்டேன். அந்நாட்டார் மகா சிக்கனக்காரர்களாம். விருந்தினருக்குக் காப்பியோடு ஒரே ஒரு பிஸ்கட் கொடுத்து டப்பாவை மூடிவிடுவார்களாம். அதற்குமேல் உபசரித்தால் கூசிப்போவார்களாம்.

அடியார்க்கு அமுது படைத்தோர் பெருமையை மார்கழிதோறும் கோயிலில் சொற்பொழிவாற்றுகிறவன், விருந்தினர் மனம் கோணாமல் நடப்பதே விருந்தோம்பல் என்று எனக்கு நானே உரை எழுதிக்கொண்டேன். அன்று சமையல் கூடாதென்று மனைவிக்கு உத்தரவும் இட்டேன்.

"ஏனுங்க, ஊட்டுக்கு வர்ற சம்பந்திக்குச் சோறு போடாம அனுப்பறதுங்களா?"

அவளுக்கு உலக நடப்புத் தெரியாது என்றேன். (எனக்குத் தெரியுமாம்.)

கோவை விடுதியிலிருந்து கோதை அவர்களைக் காரில் அழைத்து வந்தாள். காப்பியோடு ஆளுக்கொரு பிஸ்கட் வைத்தேன். அவர்கள் காதில் விழும்படி டப்பாவை மூடி, அலமாரியின் உச்சியில் ஏற்றினேன். பிறகு அவர்கள் நாட்டு அணைகளின் சிறப்பை அவர்களுக்கே விரித்துரைத்தேன். அவர்கள் பார்வையோ அடிக்கடி சமையலறைப் பக்கம் போயிற்று. திடீரென அந்த அம்மையாரின் கண்கள் கலங்கின. கணவர் ஏதோ மெல்லச் சொன்னார். மாப்பிள்ளையின் முகம் வெளுத்தது. கோதை என்னை உள்ளே இழுத்துப் போனாள்.

"என்னப்பா பண்ணிப்போட்டீங்க? அவங்களும் நம்மளப் பத்திப் படிச்சுட்டுத்தான் வந்திருக்காங்க. சம்பந்தம் புடிச்சாத்தான் நம்மூருல கை நனைக்க வெப்பாங்க, புடிக்கலைன்னா வெறுங்காப்பியோட அனுப்பிருவாங்கன்னு. நாம திணிச்சுத் திணிச்சுப் போடுவோம்னு காலைல இருந்து பட்டினி வேற. இப்பக் கெளம்பறாங்க."

முன்னறையில் அம்மையார் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தார்.

மனைவி என்னை ஒதுக்கிவிட்டு முன்னே வந்தாள். அம்மையாரின் தோள்பையைக் கழற்றித் தன் தோளில் மாட்டிக்கொண்டு, "வா அம்மணி" என்று தமிழிலேயே சொல்லி, கையைப் பற்றிச் சமையலறைக்கு அழைத்துச் சென்றாள். அரிசியும் பருப்பும் ஒன்றாகக் குக்கரில் ஏறின. மூன்று விசில் வந்தது.

இலை விழுந்ததும் மாப்பிள்ளையின் தந்தை கோதையிடம் ஏதோ கேட்டார். அப்படியானால் சம்மதம்தானா என்று கேட்கிறாராம். மனைவி அவர் சோற்றில் நெய்யை ஊற்றினாள். சிக்கனக்கார நாட்டவர் மூன்று முறை வாங்கி உண்டார்.

திருமணம் இனிதே முடிந்தது. ஆனால் எங்கள் குடும்பத்தில் மறுப்புக்கு 'பிஸ்கட்' என்றே பெயர் நிலைத்துவிட்டது. நேர்முகத் தேர்விலிருந்து திரும்பும் மைத்துனன் மகனை என்னாயிற்று என்று கேட்டால், "பிஸ்கட்டுங்க மாமா" என்கிறான்.

சென்ற மாதம் சம்பந்தி எங்களைத் தம் ஊருக்கு அழைத்தார். புறப்படுமுன் அந்நாட்டைப் பற்றி இன்னும் சற்றுப் படித்துக்கொள்ளட்டுமா என்று மனைவியிடம் கேட்டேன். அவள் ஒரு தட்டைக் கொண்டுவந்து என் முன் வைத்தாள். அதில் ஒன்றே ஒன்று இருந்தது.