போன மாத்திரை திரும்பி வந்த விவரம்

மல்லசமுத்திரம்,
14-06-2025, சனிக்கிழமை, காலை மணி 9.40.

அன்பு மகள் மைதிலிக்கு, பெரியப்பா சென்னிமலை ஆசி கூறி எழுதுவது. இவ்விடம் என் மொபெட் சாவி நீங்கலாக அனைவரும் நலம். அது 10-ஆம் தேதி முதல் உன் அண்ணன் மோகன்குமாரின் சட்டைப்பையில் இருக்கிறது. அதை மீட்க, மாத்திரைக் கம்பெனியில் பணிபுரியும் நீ ஒரு சான்று எழுதித் தர வேண்டும்.

02-06-2025 திங்களன்று திருச்செங்கோட்டு டாக்டர் என் இரத்த அழுத்தத்துக்குப் புது மாத்திரை கொடுத்தார். நாள் தவறக் கூடாதென்று, அட்டையின் பின்புறம் ஒவ்வொரு மாத்திரைக்கும் நேராகத் தடித்த மார்க்கரால் தேதி குறித்து ஒழுங்காக விழுங்கிவந்தேன். 09-06-2025 காலைக்கடனின்போது, முந்தைய நாள் மாத்திரை சிறிதும் உருக்குலையாமல், விருந்துக்கு வந்து கை நனைக்காமல் போனவரைப் போல வெளியேறியிருந்ததைக் கண்டேன். வயிறு செய்யாததை நாம் செய்வோமென்று மறுநாள் மாத்திரையை ஏலக்காய் உரலில் இடித்துத் தேனில் குழைத்தேன். "ஏனுங்க, இனி அந்த உரல்ல ஏலக்கா தட்டுனா பாயசமெல்லாம் பிரஷர் மாத்தர வாசந்தானுங்க" என்றாள் உன் பெரியம்மா வள்ளியாத்தாள். முக்கால் மணி நேரத்தில், சந்தையருகே கண் இருண்டு, நானும் மொபெட்டும் போர்வெல் தோண்டும் ஒரு ரிக் லாரியின் டயரில் சாய்ந்துவிட்டோம். "சாமி, லாரி நின்னுட்டுத்தானுங்க இருக்குது, நீங்கதான் ஓடியாந்து முட்டறீங்க!" என்றார் டிரைவர். மோகன்குமாரோ, "வயசாயிருச்சுங்கப்பா, இனி பஸ்ஸுல போங்க" என்று சாவியைப் பிடுங்கிக்கொண்டான்.

குற்றம் வயதினுடையதா, மாத்திரையினுடையதா? 12-06-2025 அன்று இரண்டு தம்ளர் தண்ணீரில் சோதித்தேன். உன் பெரியம்மாவின் தலைவலி மாத்திரை மூன்று நிமிடம் இருபது நொடியில் பொலபொலவென்று உதிர்ந்தது. மரவள்ளிக் கிழங்கு மாவு நீரை உறிஞ்சி உப்பி மாத்திரையை உடைக்கும் என்று 14-01-2025 பொங்கலன்று நீ சொன்னது கண்முன்னே நடந்தது. என்னுடையதோ சப்ஜா விதைபோல வழுவழுவென்று உப்பி, ஒன்பது மணி நேரம் அப்படியே நின்றது. அதில் நம்மூர்க் கிழங்கு மாவைச் சேர்க்காமல் விட்டது யார்? அந்தக் கொழகொழப்பு எந்தப் பிசின்? மருந்து அதற்குள்ளிருந்து கசிகிறதா, சிறைப்பட்டிருக்கிறதா? மெஷினில் இன்னும் அழுத்தி அடித்தால் இன்னும் தாமதிக்குமா? இது தெரியாமல் சோறு இறங்கவில்லை. எதுவாயினும், "பெரியப்பா விழுந்ததற்கு மாத்திரைச் செய்முறையே காரணம், வயது அன்று" என்று உன் அண்ணனுக்குத் தேதியிட்டு எழுது.

நீயும் உன் மெஷின்களும் பழுதின்றி இயங்க, திருச்செங்கோட்டு மலைமேல் இருப்பவர் அருள்வாராக.

பி.கு.: மணி 11.05. அட்டையை ஆதாரமாக அனுப்ப எண்ணி, அச்செழுத்து தெரியட்டுமென்று அதிலிருந்த என் மார்க்கர் எழுத்தைத் தேங்காய் எண்ணெயால் துடைத்தேன். ஒவ்வொரு தேதிக்கும் அடியில் இருந்தது: "உடைக்காமல், மெல்லாமல் முழுதாக விழுங்கவும். மருந்து மெல்லக் கசிந்தபின் வெறும் கூடு வெளியேறலாம்." ஆகவே சான்று வேண்டாம், மோகன்குமாருக்கு எதுவுமே எழுத வேண்டாம். அது எந்தப் பிசின் என்று மட்டும் எனக்கு எழுது. நான் பஸ்ஸிலேயே போய்க்கொள்கிறேன்.