தானாய்க் குளிர வேணும்

ஞாயிற்றுக்கிழமைக்குள்ளே அந்த லாப்டொப்பைக் குளிரப் பண்ணுவது, இல்லையென்றால் மீசையை எடுப்பது என்று இரத்தினத்தார் சபதம் எடுத்தார். எடுத்தது திங்கட்கிழமை. எடுக்க வைத்தது மனைவி யோகராணி.

லா சப்பல் கடைத்தெருவில் ஒரு சாப்பாட்டுக் கடையில் இரத்தினத்தாருக்குக் கொத்துரொட்டி போடுகிற வேலை. கடையில் முதலாளி சொன்னால் கேட்க வேணும். வீட்டில் யோகராணி சொன்னால் கேட்க வேணும். அவர் சொல்லி ஒரு சீவன் கேட்டதென்றால், அது அந்தப் பழைய லாப்டொப் மட்டும்தான். லினக்ஸைப் போட்ட பிறகு, கட்டளையைத் தட்டினால் மறுபேச்சில்லாமல் செய்தது. அதனால் அதிலே அவருக்கு உயிர்.

ஆனால் சனியன் கொதிக்கும். சும்மா கிடக்கும்போதும் உள்ளே பிராசசர் முழு வேகத்தில் ஓடும், காற்றாடி இரையும். மெல்ல ஓடச் சொல்லுகிற கட்டளை ஒன்றை இரத்தினத்தார் தேடிப் பிடித்து வைத்திருந்தார். தட்டினால் பெட்டிப்பாம்பாய் அடங்கும். நிறுத்தித் திரும்பப் போட்டால் எல்லாம் மறந்துவிடும். அவர் வேலைக்குப் போனபின் யோகராணி போட்டால், வீடே இரையும்.

"இஞ்சாருங்கோ, உதிலை அப்பளம் பொரிக்கலாம்."

"அந்தக் கட்டளையைத் தட்டியிருக்கலாமே?"

"முழ நீளத்துக்கு எழுதி வைச்சிருக்கிறியள். நான் சமைக்கிறதோ, உதைத் தட்டுறதோ? ஞாயிற்றுக்கிழமைக்கிடையிலை ஆரும் கை வைக்காமல் தானாய்க் குளிர வேணும். இல்லையெண்டால் காவுக்குள்ளை போட்டிடுவன்."

காவ் என்றால் கட்டடத்துக்கு அடியில் இருக்கிற நிலவறை. அங்கே போன சாமான் எதுவும் மேலே வந்த சரித்திரம் இல்லை. இரத்தினத்தார் உடனே மீசையில் கை வைத்துச் சபதம் எடுத்தார்.

மிசின் எழும்பும்போதெல்லாம் தானாகவே வாசிக்கிற கோப்பு ஒன்று உண்டு. கட்டளையை அதிலே எழுதிவிட்டால் போதும் என்று இணையத்தில் போட்டிருந்தது. செவ்வாய்க்கிழமை, மத்தியானச் சாப்பாட்டு நேரம் முடிந்து கடை பூட்டியிருக்கிற இடைவேளையில், ஓட்டமாய் வீட்டுக்கு வந்து எழுதினார். போட்டுப் பார்த்தார். இரைந்தது. புதன்கிழமையும் இரைந்தது. வியாழக்கிழமை, சாப்பாடும் வேண்டாம் என்று குந்திவிட்டார். விடுகிற ஆளில்லை அவர்.

தேத்தண்ணி கொண்டுவந்த யோகராணி எட்டிப் பார்த்தாள்.

"உதென்ன, முதல் வரியிலை 'உ' எண்டு கிடக்கு?"

"பிள்ளையார் சுழி. நல்ல காரியம் தொடங்கேக்கை போடாமல்?"

"மிசினுக்கு அது விளங்குமே?"

"பிள்ளையாரை விளங்காத மிசினும் இருக்கே?"

இருந்தது. முதல் வரி விளங்காததால், அது அடுத்த வரிக்கே போகவில்லை. மூன்று நாளாய் வாசலிலேயே நின்றிருக்கிறது. அதற்காகப் பிள்ளையாரை அழிக்க அவருக்கு மனம் வரவில்லை. 'இந்த வரியை வாசியாதே' என்று மிசினுக்குச் சொல்லுகிற குறி ஒன்றைச் சுழிக்கு முன்னால் போட்டார். மனதுக்குள்ளே மூன்று தோப்புக்கரணமும் போட்டார். பிறகு மிசினைப் போட்டார்.

மூச்சுப் பேச்சில்லை. ஐந்து தரம் நிறுத்திப் போட்டார். ஐந்து தரமும் தானாகவே அடங்கியது.

ஞாயிற்றுக்கிழமை யோகராணி தன் கையாலேயே போட்டாள். இரத்தினத்தார் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார்.

"நான் கை வைச்சனானே?"

"இல்லை." அடிப்பக்கத்தைத் தொட்டுப் பார்த்தாள். "பச்சைத்தண்ணி மாதிரிக் கிடக்கு. நீங்கள் கெட்டிக்காரன்தான்."

பதினாறு வருசத்தில் அவள் வாயால் வந்த முதல் பாராட்டு. அவருக்குக் கால் நிலத்தில் பாவவில்லை. அது பாவுவதற்குள்ளே, யோகராணி லாப்டொப்பைத் துவாயால் சுற்றிப் பைக்குள் வைத்துவிட்டாள்.

"எங்கை கொண்டு போறீர்? காவுக்கே?"

"சீச்சீ. பொண்டியிலை இருக்கிற என்ரை தங்கச்சி லக்ஷனாவுக்கு. எனக்குத் தம்பி புதிசொண்டு கொண்டு வாறான்."

"குளிர்ந்தால் வீட்டிலை இருக்கும் எண்டெல்லோ சொன்னீர்?"

"குளிராட்டிக் காவுக்குப் போகும் எண்டனான். குளிர்ந்தால் எங்கை போகும் எண்டு நீங்கள் கேக்கேல்லையே."

இரத்தினத்தார் பைக்குக் குறுக்கே வந்து நின்றார். "அப்ப ஏன் என்னை ஒரு கிழமையாய் இந்தப் பாடு படுத்தினனீர்?"

யோகராணி பையின் வாயைக் கட்டினாள்.

"அவளுக்கு உந்தக் கட்டளை கிட்டளை ஒண்டும் தெரியாது. அதுக்காக உங்களையும் சேத்துக் குடுத்துவிடேலுமே?"