அட்ஜஸ்ட்டுக்குத் தடை

அன்று காலை நம் தையற்காரர் ஒரு சட்டம் போட்டார். இனிமேல் இந்த வீட்டில் யாரும் ‘அட்ஜஸ்ட்’ என்று வாயைத் திறக்கக் கூடாது.

காரணம் இல்லாமல் இல்லை. சாப்பாட்டில் உப்புக் கூடினாலும் அட்ஜஸ்ட், வெந்நீர் ஆறிப்போனாலும் அட்ஜஸ்ட். பதினாலு வருஷமாக அந்த ஒரு வார்த்தையைச் சொல்லியே மனைவி அவரிடம் காரியம் சாதித்துவந்தாள். இப்போது அவள் தம்பி குடும்பத்தோடு ஒரு மாதம் தங்க வருகிறான். அடுத்தது முன்னறைதான் போகும். துணி வெட்டும் மேஜையும் மிஷினும் இருக்கிற அறை. அது போனால் பிழைப்பே போச்சு. வார்த்தையை ஒழித்தால் அறை தப்பும் என்று மனிதர் கணக்குப் போட்டார்.

மனைவி மறுக்கவே இல்லை. சந்தேகம் மட்டும் கேட்டாள். பஸ்ஸில் பக்கத்தில் இருப்பவளிடம் இனி என்ன சொல்வது? நகருங்க என்று சொல் என்றார். ஃபேன் வேகமாகச் சுற்றினால்? குறைங்க. ரவிக்கை இறுக்கமாக இருந்தால்? பிரிச்சுத் தைங்க. சொல்லச் சொல்ல அவருக்கே தலை சுற்றியது. இதில் எந்த அர்த்தத்துக்குத் தடை போட்டோம், எதை விட்டுவைத்தோம் என்று ஒன்றும் புரியவில்லை. அவளுக்கு எல்லாம் தெளிவாகிவிட்டது.

மத்தியானம் முன்னறைக்கு வந்தாள்.

“மேஜையை மாடிப்படிக்குக் கீழே போடுங்க. மிஷினையும்.”

“என்ன இது, அதிகாரமா இருக்கு? என்னைக் கேக்கவே மாட்டியா?”

“கேக்கறதுக்கு என்கிட்ட ஒரு வார்த்தை இருந்துச்சு. அதைத்தான் நீங்க வேண்டாம்னுட்டீங்களே. இப்போ நீங்க சொல்லிக்கொடுத்த மாதிரி நேராச் சொல்றேன்.”

எங்கே சறுக்கினோம் என்று யோசித்தபடியே மேஜையின் ஒரு பக்கத்தைத் தூக்கினார். மறுபக்கத்தை அவள் பிடித்துக்கொண்டாள்.

படிக்குக் கீழே நிமிர்ந்தால் தலை இடித்தது. சாயங்காலத்துக்குள் இரண்டு காலரைக் கோணலாகத் தைத்து, மூன்று தரம் முட்டிக்கொண்டார். முன்பெல்லாம் எதை எடுத்தாலும் கேட்டுத்தான் எடுத்தாள், அந்த மரியாதையாவது இருந்தது. நினைக்க நினைக்க மனிதருக்கு அழுகையே வந்தது.

உள்ளே போய், சட்டத்தை ரத்து செய்துவிட்டதாகவும், அவள் அந்த வார்த்தையைத் தாராளமாகச் சொல்லலாம் என்றும் பெரிய மனசோடு அறிவித்தார்.

அவள் தம்பிக்காகத் தலையணைக்கு உறை மாட்டிக்கொண்டிருந்தாள்.

“வேண்டாங்க. அது இல்லாமலே பழகிடுச்சு.”