ஒன்று குறைவு, பன்னிரண்டு அதிகம்

உப்புமடுப் பொது நூலகத்துக்கு வந்த சுற்றுநிருபம் மிகவும் நியாயமானது. மாதமொன்றுக்கு நூறு நூல்களுக்குக் குறைவாக இரவல் கொடுக்கும் நூலகங்கள் ‘வாசகர்சார் நோக்கத்தை இழந்தவையாகக் கருதப்பட்டு’ மூடப்படும். கட்டடம் பிரதேச சபையின் கொசு விரட்டும் நுளம்புப் புகை இயந்திரத்துக்கு ஒதுக்கப்படும். அந்த இயந்திரம் இரண்டு வருடமாக வேலை செய்யவில்லை. ஆகவே அது ஓய்வெடுக்க ஓர் இடம் தேவை என்பதை யாரும் மறுக்க முடியாது.

நூலக உதவியாளர் றுமானா இரவல் பதிவேட்டைப் புரட்டினாள். போன மாதம் ஒன்பது. அதில் நாலு அவளே எடுத்தது. ஏழு வருடமாக நிரந்தரமாகாத வேலை அவளுடையது. நூலகம் போனால் அவளை நிரந்தரமாக்கும் தலையிடியும் சபைக்குத் தீர்ந்துவிடும்.

அந்த வாரம், சிலாபத்தில் யாரோ வீடு மாறும்போது கழித்துவிட்ட புத்தக மூட்டையொன்று, நன்கொடை என்ற கௌரவத்தோடு வந்து சேர்ந்தது. அதற்குள் தடித்த தொகுப்பொன்று இருந்தது: இரத்தக் காட்டேரிகள் பற்றிய பயங்கரச் சிறுகதைகள், மொத்தம் பன்னிரண்டு. வெயிலுக்கு ஒதுங்க வந்த உப்பளத் தொழிலாளி றஊப் முதல் கதையை நின்றபடி தொடங்கி, கதிரையில் உட்கார்ந்து முடித்து, புத்தகத்தை இடுப்புச் சாரத்தில் செருகிக்கொண்டு போனார். மூன்று வாரம் அது திரும்பவில்லை. திரும்பியபோது அதன் பின்னால் இருபது பேர் வந்தார்கள்.

றுமானா வீட்டிலிருந்து இறைச்சிக் கத்தியைக் கொண்டுவந்தாள். தொகுப்பைப் பன்னிரண்டாக அறுத்து, ஒவ்வொரு கதைக்கும் தேயிலைப் பெட்டி மட்டையில் அட்டை போட்டு, தனித்தனி இலக்கம் எழுதினாள். மாடு அறுக்கத்தான் சபையின் அனுமதி வேண்டும். புத்தகம் அறுப்பதைப் பற்றி எந்தச் சுற்றுநிருபமும் பேசவில்லை. அந்த மாத இரவல், நூற்று நாற்பத்தொன்று.

ஊர் பயந்தது, பயந்ததில் பெரிதும் மகிழ்ந்தது. வாலிபர்கள் கறுப்புச் சேர்ட் போட்டு, வெயில் ஆகாதவர்கள் போல வேப்பமர நிழலிலேயே நின்றார்கள். பூண்டு வாசத்துக்கு ஓடுகிற காட்டேரி நம் பக்கத்து இறைச்சிக் கறியை எப்படித் தாக்குப்பிடிக்கும் என்று மீன் ஏலத்தில் விவாதம் நடந்தது. வீட்டுக்காரர் கூப்பிடாமல் காட்டேரி படி தாண்டாது என்ற விதிதான் பெண்களுக்கு மிகவும் பிடித்தது. விபரம் எடுக்க வருகிற உத்தியோகத்தர்கள் நேரே குசினி அடுப்படிக்கே வந்து நிற்கும் ஊரில், அத்தனை மரியாதை தெரிந்த பிராணியை அவர்கள் கேள்விப்பட்டதில்லை.

தை மாதம் வருடாந்தப் பொருட் கணக்கெடுப்புக் குழு வந்தது. தலைவர் சபையின் தலைமை எழுதுவினைஞர் ஜௌபர். உறுப்பினர் வேலை மேற்பார்வையாளர் றொபி. பதிவேட்டில் தொகுப்பு ஒன்று. புத்தக இறாக்கைத் தட்டில் கதைகள் பன்னிரண்டு.

“பதினொண்டு கூட ஈக்கு,” என்றார் றொபி.

ஜௌபர் முப்பது வருட சேவையாளர், அவசரப்படவில்லை. “பதிஞ்ச புத்தகம் எங்க? அது இல்ல. அப்ப ஒண்டு குறைவு, பன்னிரண்டு அதிகம்.”

“சேர், அதத்தான் நான் பன்னிரண்டா வெட்டினேன்,” என்றாள் றுமானா.

“அத வாயால செல்லாதீங்க மிஸ். செல்லிட்டா எழுதணும். குறைஞ்சா கள்ளனத் தேடலாம். கூடினா ஆரத் தேடுற?”

திரும்ப ஒன்றாகத் தைத்துவிடலாமே என்றாள். தைத்தால் ஒரு புத்தகம். ஒரு புத்தகம் ஒரு மாதத்தில் நூற்று நாற்பத்தொரு தடவை வெளியே போய் வர முடியாது. ஆகவே பதிவேடு பொய். ஆகவே நூலகம் மூடப்பட வேண்டும் என்று ஜௌபர் அன்போடு விளக்கினார். முடிவில் பன்னிரண்டும் சீல் வைக்கப்பட்டு, விசாரணைக்காகச் சபைக்குப் போயின. அங்கே ஒவ்வொரு மேசையாக அவை விசாரிக்கப்பட்டன. ‘வாசித்தேன். அடுத்த உத்தியோகத்தரின் மேலான கவனத்துக்கு’ என்று குறிப்புகள் சேர்ந்தன. இருட்ட முன் வீடு சேரும் பொருட்டு உத்தியோகத்தர்கள் மூன்று மணிக்கே புறப்பட்டார்கள். முன்பும் மூன்று மணிக்கே புறப்பட்டவர்கள்தான்; இப்போது காரணம் இருந்தது.

யாரும் தொடாத பழைய நூல்களை விட்டால், நூலகத்தில் மிஞ்சியது கதைகள் இருந்த வெறும் இறாக்கையும், புத்தகங்களைத் திருப்பித் தரும்படி றுமானா சபைக்கு எழுதிய கடிதங்களும் அவற்றுக்கு வந்த பதில்களும் அடங்கிய கோப்பும்தான். கதை தேடி வந்த றஊப் வேறு வழியின்றி அதை எடுத்துப் படித்தார். பாதியில் முகம் மாறியது.

“புள்ள, இது அதவிடப் பயமாக் கிடக்கு. அது விடிஞ்சாச் செத்துப் போகும். இது விடிஞ்சாத்தான் எழும்புது.”

கோப்பையும் சாரத்தில் செருகினார். றுமானா அதற்கும் ஓர் இலக்கம் போட்டாள்.

மறுநாள் அவர் தன் சொந்தக் கோப்போடு வந்தார். தொண்ணூறில் மன்னாரிலிருந்து விரட்டப்பட்டு வெறுங்கையோடு வந்த றஊப், தொண்ணூற்றாறில் தன் வீட்டுக்கு இலக்கம் கேட்டு விண்ணப்பித்தவர். இலக்கம் இல்லாமல் மின்சாரம் இல்லை. பக்கத்து வீட்டுக் கம்பியில்தான் அவருக்கு வெளிச்சம். விண்ணப்பத்தில் வீட்டு இலக்கம் குறிப்பிடப்படாததால் பரிசீலிக்க முடியவில்லை என்று சபை பதில் எழுதியது. அவர் விளக்கினார், சபை மீண்டும் இலக்கம் கேட்டது. இப்படி நானூறு பக்கம். றுமானா அதைப் பாகம் பாகமாகப் பிரித்துக் கட்டினாள்.

இறாக்கையில் இடம் போதவில்லை. ஓய்வூதியம், மதில், வடிகான் என்று ஆளுக்கொரு கோப்போடு வந்தார்கள். யாருடையது அதிகம் நடுங்க வைக்கிறது என்று சண்டையும் வந்தது. வெறும் ஆறு வருடக் கோப்பு கொண்டுவந்த ஒருவரைச் சின்னப்பிள்ளை என்று திருப்பி அனுப்பினார்கள். அந்த மாத இரவல் முந்நூறைத் தாண்டியது. நுளம்பு இயந்திரம் மழையிலேயே நின்றது. றுமானாவின் பெயர் நிரந்தர நியமனத்துக்குச் சிபாரிசு செய்யப்பட்டது, வாசகர் தொகை இப்படியே நீடிக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு.

சபைச் செயலாளரின் மனைவியும் றஊபின் முதற்பாகத்தை இரவல் எடுத்தாள். அடுத்த கிழமை ஜௌபர் நூலகத்துக்கு நேரில் வந்து, கையொப்பமும் முத்திரையும் பதித்த கடிதமொன்றை நீட்டினார்.

“றஊப் நாநா, ஒங்கட வீட்டு இலக்கம். நாளைக்கே லைட் எடுக்கலாம்.”

வரிசையில் நின்றவர்கள் எட்டிப் பார்த்தார்கள். பின்னாலிருந்த ஒரு பெண், முடிவை இப்படி எல்லாருக்கும் முன்னால் சொல்வது என்ன பழக்கம் என்று முணுமுணுத்தாள். றஊப் கடிதத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். பிறகு றுமானாவைப் பார்த்தார். அவள் பதிவேட்டில் இரவல் கணக்கைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவர் கடிதத்தை மடித்து ஜௌபரிடமே கொடுத்தார்.

“இப்ப வேணாம் சேர். ஆக்கள் என்ட கோப்புல இன்னும் ரெண்டாயிரத்து நாலுலதான் நிக்கிறாங்க.”

தன் முப்பது வருட சேவையில் தாமதத்தைப் பொதுமகன் ஒருவரே கேட்டது ஜௌபருக்கு இதுதான் முதல் தடவை. அவர் கண் கலங்கியது.

“அத எழுத்துல தாங்க,” என்றார்.

றஊப் எழுதிக் கொடுத்தார். ஜௌபர் படித்துப் பார்த்து, மேல் மூலையில் விரலை வைத்தார்.

“விலாசத்துல வீட்டு இலக்கம் இல்லயே.”