சல்லடையில் தேறிய ஆராய்ச்சி

எனக்குக் கோபம் கொஞ்சம் அதிகம். (கொஞ்சம் என்று எழுதியதற்கே என் வீட்டுக்காரர் சிரிப்பார்.) ஆனால் அந்த ஏலக்காய் ஆராய்ச்சியை நினைத்தால் வருவது வேறு கோபம். அதில் முதலில் திட்டவேண்டிய ஆள் நான்தான். என்னையே எத்தனை நேரம் திட்டிக்கொண்டிருப்பது?

வேளாண்மை மேல்படிப்பில் கடைசி வருஷம். போடிமெட்டுக்கு மேலே அப்பாவுக்கு ஒரு ஏக்கர் ஏலத்தோட்டம். ஒரு வரிசைக்குச் சத்து மருந்து, அடுத்த வரிசைக்கு வெறும் தண்ணீர் என்று தெளித்து, எந்தக் காய் பெரிதாகிறது என்று பார்ப்பதுதான் ஆராய்ச்சி. எனக்காக அப்பா பாதிச் செடிக்கு ஒரு வருஷம் முழுக்க மருந்தே போடாமல் விட்டார். நானோ கண்டவரிடமெல்லாம், "மருந்து போட்டா காய் எம்புட்டுப் பெருசா வரும், பாருங்க" என்று பீற்றிக்கொண்டு திரிந்தேன். அளக்கும் முன்பே முடிவைச் சொன்ன விஞ்ஞானி!

காய் எடுத்த அன்றைக்கு நான் சிலமலையில் ஒரு கல்யாண வீட்டில் இருந்தேன். தோட்டத்தைப் பார்த்துக்கொள்ளும் முருகையா அண்ணனுக்குப் போன் போட்டேன்.

"அண்ணே, மருந்து போட்டது தனி, போடாதது தனியாப் பிரிச்சு, வெரசா ஜீப்புல ஏத்தி விடுங்க."

"அதுக்கென்ன ஆத்தா, நம்ம சோலியே அதானே."

இரண்டு பை வந்தது, சீட்டோடு. பைக்கு நூறு காய் அளந்து கம்ப்யூட்டரில் ஏற்றினேன். மருந்துக் கூட்டத்தைத் தனியாக, தண்ணீர்க் கூட்டத்தைத் தனியாகப் பிரித்து டி டெஸ்ட் போட்டேன். (இரண்டு கூட்டத்துக்கும் நடுவில் தெரியும் வித்தியாசம் நிஜமா, தற்செயலா என்று சொல்லும் கணக்கு.) அடேயப்பா! தற்செயலுக்கு வாய்ப்பே இல்லை என்று, புள்ளிக்குப் பிறகு வரிசையாகப் பூஜ்யம். ஹாஸ்டல் முழுக்க லட்டு கொடுத்தேன்.

பேராசிரியர் பட்டியலை இரண்டு தடவை பார்த்தார்.

"ஏம்மா, மருந்து போட்டதுல ஒரு காய்கூடவா சின்னது இல்ல? போடாததுல ஒண்ணுகூடவா பெருசு இல்ல?"

"மருந்து அப்படி சார்!" என்றேன் வெடுக்கென்று. சந்தேகப்படுகிறாரே என்று எனக்கு ஆத்திரம். அவர் எதிரிலேயே முருகையா அண்ணனைக் கூப்பிட்டு, போனை ஸ்பீக்கரில் வைத்தேன்.

"எப்படிப் பிரிச்சீங்கன்னு சாருக்குச் சொல்லுங்கண்ணே."

"காயெல்லாம் ஒண்ணாத்தான் எடுத்தோம், ஒண்ணாத்தான் காய வச்சோம். பெறகு சல்லடையில போட்டுச் சலிச்சேன். மேல நின்னது மருந்து போட்டது, கீழ விழுந்தது போடாதது. நீதானே ஆத்தா சொன்ன, மருந்து போட்டா காய் பெருசா இருக்கும்னு?"

பேராசிரியர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். தோள் மட்டும் குலுங்கியது. எனக்குப் போனைத் தூக்கி எறியலாம் போல வந்தது. யார் மேல் எறிய? காயைச் சல்லடையில் போட்டு ரகம் பிரிப்பதுதான் எங்கள் ஊர் வேலை. அண்ணன் அதைச் சுத்தமாகச் செய்திருந்தார். வரிசைக்கொரு பை கட்டச் சொல்லாத கூமுட்டை நான்.

இன்னொரு வருஷம் என்றார்கள். அப்பாவிடம் சொன்னேன். சோற்றில் கையை வைத்தபடி, "மறுபடியும் பாதிச் செடியப் பட்டினி போடணுமா?" என்றார். கத்தியிருந்தால் தாங்கியிருப்பேன். பாதிச் சோற்றில் எழுந்து கை கழுவப் போனார். மறுநாள், "போட்டுத் தொலை" என்றார்.

இந்தத் தடவை வரிசைக்கொரு பை, என் கையாலேயே கட்டினேன். முருகையா அண்ணனைச் சல்லடைப் பக்கமே விடவில்லை. முடிவு? இரண்டு கூட்டத்துக்கும் வித்தியாசமே இல்லை! பட்டம் கொடுத்துவிட்டார்கள். அந்த மருந்தை மட்டும் நான் இன்னும் மன்னிக்கவில்லை.

இப்போது என் மகளின் மார்க் வந்தால் போதும், வீட்டுக்காரர் ஆரம்பித்துவிடுவார். "நல்ல மார்க்கெல்லாம் எங்க வீட்டுப் பக்கம், மத்ததெல்லாம் உங்கம்மா பக்கம். சலிச்சுப் பாத்துட்டேன்." போன மாசமும் சொன்னார். கரண்டியை விட்டெறிந்து கத்தினேன்.

மகள், பக்கத்தில் சாப்பிட்டுக்கொண்டிருந்த என் அப்பாவிடம் திரும்பினாள். "அப்ப இந்தக் கோபம் யாரு பக்கம், தாத்தா?"

அப்பா தட்டிலிருந்து நிமிரவே இல்லை.

"அதுக்குச் சல்லடையே வேணாம், ஆத்தா."