சந்தேகம் சாரும் செல்வியின் மாமாவும்

மாட்டுங்காவில் தன் நிழலிடமே ஆதார் அட்டை கேட்கக்கூடிய மனிதர் ஒருவர்தான். எங்கள் சந்தேகம் சார். வெளிநாட்டு விசா வழக்குகள் பார்க்கும் வக்கீல். டீக்காரர் சிரித்தால்கூட, "இன்னிக்குப் பால் பழசு, குடிக்காதே" என்பார்.

இந்தத் தொழிலில் பணம் கொட்டுகிறது என்று எவனோ சொன்னதை நம்பி அவரிடம் ஜூனியராகச் சேர்ந்தேன். முதல் நாளே, "கொட்டறது காட்கோபர் விசா ஏஜென்ட்டுக்கு. நமக்கில்லே" என்றார். பிறகு, நான் அந்த ஏஜென்ட் வேவு பார்க்க அனுப்பிய ஆளோ என்று என் சாப்பாட்டு டப்பாவைத் திறந்து பார்த்தார். உள்ளே தயிர்சாதம். அப்போதும் முழுசாக நம்பவில்லை.

ஒருநாள் தாராவியிலிருந்து செல்வி வந்தாள். கணவன் கனடாவில் லாரி ஓட்டுகிறான். அவனோடு போய்ச் சேர அவள் கேட்ட விசாவை, கல்யாணமே பொய் என்று மறுத்துவிட்டார்கள்.

"அவுக என்னைய கழட்டி விட்டுட்டாகன்னு தெருவே பேசுது சார்" என்று அழுதாள்.

சார் கல்யாண ஆல்பத்தைப் புரட்டினார். "மாலை கோணலா இருக்கே. செட்டப்பா?"

செல்விக்குக் கோபம் வந்துவிட்டது. அங்கேயே கணவனுக்கு வீடியோ கால் போட்டாள். "மாமா, வக்கீல் சார் பேசுதாக."

சார் எழுந்தே விட்டார். "மாமாவா? ஆம்படையான் எங்கே?"

"இவுகதான் சார். புருசனை மாமான்னுதான் கூப்பிடுவேன்."

"இன்டர்வியூல எந்த பாஷைல பேசினே?"

"இந்தியில. யாருகூட இருக்கப் போறேன்னு கேட்டாக. 'மேரா மாமா'ன்னேன்."

இந்தியில் மாமா என்றால் அம்மாவின் சகோதரன் மட்டும்தான். சார் தலையில் அடித்துக்கொண்டார். "விசா ஆபீசர் மண்டையைப் பிச்சிண்டிருப்பான்."

அந்த ஒரு சொல்லை விளக்கி மறுபடி விண்ணப்பம் போட்டார். விசா வந்தது. அதையும் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டுத்தான் அவளிடம் கொடுத்தார்.

செல்வி கனடா போன பிறகும் சார் வாராவாரம் அவளை வீடியோவில் கூப்பிடுவார். "முகம் வாடியிருக்கே, சாப்டியா? பொய் சொல்றே. உன் மாமாவைக் கூப்பிடு." இதற்கெல்லாம் ஃபீஸ் வாங்கியிருந்தால் மனுஷன் செம்பூரில் ஃபிளாட்டே வாங்கியிருப்பார்.

நான் இப்போது வாஷியில் ஒரு பெரிய கம்பெனியின் விசா பிரிவில் இருக்கிறேன். சம்பளம் மூன்று மடங்கு. ஆனால் வெறும் வயிற்றோடு போய் உட்கார்ந்தாலும், என் முகத்தைப் பார்த்துச் சந்தேகப்பட அங்கே ஒருவரும் இல்லை.